பக்கத்துவீட்டுக்காரரின் இடது கால்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எண்ணூறு வார்த்தை அஞ்சலிக் கட்டுரையாகப் பிறந்தது. அதுவும் மாலை நான்கு மணிக்குள் பிறந்தே ஆகவேண்டும் என்ற கட்டளையோடு.

அன்று காலை பத்தரை மணிக்கு நான் குக்கர் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அழைத்தார். வழக்கமாக "என்ன பண்றீங்க, ஏதாவது எழுதுறீங்களா" என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று நேராக வந்தார்.

"பக்கத்துவீட்டுக்காரர் போயிட்டார்மா."

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் இருக்கிறார். நான் அனிச்சையாகச் சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவர் இருமிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

நடிகரைச் சொல்கிறார். முதல் படத்தில் கதாநாயகனின் பக்கத்து வீட்டுக்காரராக நாலே நாலு காட்சியில் வந்தவர். அந்த வேடமே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. பிறகு அவரே கதாநாயகனாகி நாற்பது படங்கள் நடித்தும் அது உதிரவில்லை. அவர் படங்களில் சண்டை இருக்காது. ஒரு நடை இருக்கும். ஏதோ ஒரு முடிவை எடுத்துவிட்டு, நீளமான ஒரு தெருவிலோ நடைக்கூடத்திலோ தன்னந்தனியாக நடந்து வருவார். அதைப் பார்ப்பதற்காகவே வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தியேட்டருக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி.

அறுபத்தொரு வயது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"எண்ணூறு வார்த்தை, நாலு மணிக்குள்ள. உங்களை விட்டா யாரும்மா எழுதுவா? உங்க வீட்டுக்காரர் வேற இத்தனை வருஷமா அவர்கூடவே வேலை பார்த்தவர்."

"கூட இல்லைங்க. அவர் நடிச்சு முடிச்சுட்டுப் போனதுக்கப்புறம்" என்றேன். ஆனால் அவர் அதற்குள் வைத்துவிட்டார்.

2.

தொடக்கம் ஒன்று: *திரையுலகம் தன் தூண்களில் ஒன்றை இழந்து*

(நிறுத்திவிட்டேன். இதே வாக்கியத்தை இதற்கு முன் ஆறு பேருக்கு எழுதியிருக்கிறேன். தூண்கள் வரிசையாக விழுகின்றன, கூரை மட்டும் அசையாமல் நிற்கிறது.)

தொடக்கம் இரண்டு: *அவரை நான் முதன்முதலில் திரையில் பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது. கல்லூரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு*

(இது என்னைப் பற்றிய கட்டுரை. செத்தவர் பெயரைச் சொல்லி நாம் நம் இளமைக்கு அழுதுகொள்வது வழக்கம்தான். அன்று அதற்கும் மனம் வரவில்லை.)

தொடக்கம் மூன்று: *அவர் இறக்கவில்லை. நம் நெஞ்சங்களில்*

(இறந்துவிட்டார். அதுதானே செய்தி.)

அதிர்ச்சி அடைந்தவர்களுக்கு நெஞ்சு படபடக்கும் என்று நானே பல கதைகளில் எழுதியிருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. அழுகையும் வரவில்லை. குக்கர் மூடியை எங்கே வைத்தேன் என்று பத்து நிமிடம் வீடு முழுக்கத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.*

* பழைய கதைகளில் படபடத்த நெஞ்சுகளுக்காக இங்கே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

3.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அஞ்சலிக் கட்டுரையில் அவருக்கு இடமில்லை. இந்தக் கதையோ அவரால்தான் நிற்கிறது.

படத்தில் உங்களுக்குக் கேட்கும் காலடிச் சத்தம் பெரும்பாலும் நடிகருடையது அல்ல. படப்பிடிப்பில் பதிவாகும் சத்தத்தில் ஆயிரம் இரைச்சல் கலந்திருக்கும். அதனால் பிறகு ஓர் அடைத்த அறையில், திரையில் படத்தை ஓடவிட்டு, ஓர் ஆள் அதைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் நடப்பார். மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆள்தான் என் வீட்டுக்காரர். எங்கள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்ட உறவினர்களிடம் என் அப்பா "சினிமாவுல நடக்கிறார்" என்றார். அவர்கள் "நடிக்கிறார்" என்று எடுத்துக்கொண்டு போட்டோ எல்லாம் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் வேலை பார்க்கும் அறைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். தரை கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம் சிமெண்ட், ஒன்று மரப்பலகை, ஒன்று மணல், ஒன்று சரளைக்கல், ஒன்று வழவழப்பான ஓடு. சுவரோர அலமாரியில் அறுபதுக்கும் மேற்பட்ட ஜோடி செருப்பும் ஷூவும். அதில் ஒன்பதாம் அளவுத் தோல் ஷூ ஒன்று பக்கத்துவீட்டுக்காரருக்கு மட்டுமே. என் வீட்டுக்காரருக்கு ஏழாம் அளவுக் கால். உள்ளே துணியைத் திணித்து, இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு நடப்பார். இருபத்திரண்டு வருடங்கள், முப்பத்தொரு படங்கள்.

ஒரு தொழில் ரகசியம்: இவர் நடிகர்களின் காலைப் பார்ப்பதே இல்லை. கால் பாதி நேரம் படத்தில் தெரியாது. தோளைப் பார்ப்பார். எந்தத் தோள் எப்போது இறங்குகிறதோ, அதற்கு ஏற்றபடி இங்கே கால் விழும்.

அவர்கள் இருவரும் நேரில் சந்தித்தது நாலைந்து முறைதான். ஒவ்வொரு முறையும் நடிகர், "என்ன சார், என் கால் எப்படி இருக்கு?" என்று கேட்பாராம். இவர், "நல்லா இருக்கு சார்" என்பாராம். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்களாம்.

4.

அன்று பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையைக்கூட மாற்றாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார். எல்லாச் சேனலிலும் ஒரே காட்சிதான். நாலு மாதம் முன்பு வெளியான கடைசிப் படத்தின் நடை. முப்பது வருடம் வேலை பார்த்த அலுவலகத்தில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நடைக்கூடத்தில் நடந்து வருவார். நாற்பது நொடி. பின்னணி இசை கிடையாது. காலடிச் சத்தம் மட்டும்தான்.

"எவ்வளவு அழகா நடக்கிறார் பாருங்க" என்றேன்.

"சத்தத்தை நிறுத்து."

"ஏங்க?"

"நிறுத்திட்டுப் பாரு. இடது தோளைப் பாரு."

நிறுத்தினேன். முதலில் எதுவும் தெரியவில்லை. நடிகர் வந்துகொண்டிருந்தார். பிறகு தெரிந்தது. வலது கால் தரையில் பதிகிறது. இடது கால் உடனே வரவில்லை. ஒரு சின்னத் தயக்கத்துக்குப் பிறகு வருகிறது. முன்பாதம் தரையை லேசாக உரசிக்கொண்டு வருகிறது. அடுத்த அடியிலும் அப்படியே. நாற்பது நொடியும் அப்படியே.

"இப்போ சத்தம் வை" என்றார்.

வைத்தேன். டக், டக், டக், டக். ஓர் அடிகூடப் பிசகவில்லை. அதே படம்தான், அதே கால்தான், ஆனால் அந்தத் தயக்கம் காணாமல் போயிருந்தது. இருக்கிறது என்று தெரிந்து தேடியும் என் கண்ணுக்கு அது அகப்படவில்லை. மறுபடி சத்தத்தை நிறுத்தினேன், கால் இழுத்தது. வைத்தேன், நிமிர்ந்து நடந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன்.

"என்னங்க இது?" என்றேன்.

"நான் பண்ணினது" என்றார்.

5.

(இந்த உரையாடலை அப்படியே தருகிறேன். மெருகேற்றிப் பார்த்தேன், பொய்யாக ஒலித்தது.)

"எட்டு மாசம் இருக்கும். நாலாவது ரீல். முதல் தடவை படத்துல இருக்கற மாதிரியேதான் நடந்தேன். கேட்டுப் பார்த்தா கண்றாவியா இருந்துச்சு. நான்தான் தாளம் தப்பிட்டேன்னு நினைப்பாங்க."

"டைரக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனே. அந்தக் கேரக்டருக்குக் கால்ல ஏதாவது பிரச்சனையா சார்னு கேட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல, அன்னைக்கு அவர் டயர்டா இருந்திருப்பார், நீங்க சரி பண்ணிடுங்கன்னார். பண்ணிட்டேன். அரைமணி நேர வேலை."

"அவ்வளவுதானே? சொன்னதைச் செஞ்சீங்க."

"இருபத்திரண்டு வருஷமா அவர் நடையை நான் நடந்திருக்கேன். தூக்கம் கெட்டா எப்படி நடப்பார், காய்ச்சல்ல எப்படி நடப்பார், எல்லாம் தெரியும். அது டயர்ட் இல்ல."

"அப்பவே தெரிஞ்சுதா உங்களுக்கு?"

தன் காலைப் பார்த்தார். "கால்ல தெரிஞ்சுது. மண்டைக்குப் போகலை" என்றார்.

"நீங்க என்ன டாக்டரா?"

"டாக்டர் இல்ல. ஆனா ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? சார், உங்க கால் நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை."

மணி மூன்றே கால் ஆகியிருந்தது. எழுந்துபோய் எண்ணூறு வார்த்தை எழுதினேன். தூண் விழுந்தது. கூரை நின்றது. ஆசிரியர் ரொம்ப நெகிழ்ச்சியாக இருந்தது என்று செய்தி அனுப்பினார்.

6.

மறுநாள் செய்தித்தாளில் மருத்துவமனையின் விளக்கம் வந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. சில மாதங்களுக்கு முன்பே சிறிதாக ஒன்று வந்துபோன தடயம் இருக்கிறது. நடையில் லேசான மாற்றம் தெரிந்திருக்கலாம், யாரும் கவனிக்கவில்லை போலும்.

என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எழுத்தாளராக இருப்பதில் இருக்கும் ஒரே வசதி அதுதான். இந்தக் கதைக்குள் ஒரு டாக்டரைக் கொண்டுவந்தேன்:

*மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே டாக்டர் சொன்னார்: "எட்டு மாசம் முன்னாடியே வந்திருந்தாலும் பெருசா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க. இது விதி."*

நல்ல டாக்டர். நரைத்த மீசை, கனிவான குரல். எழுதிய பக்கங்களை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் அங்கே நின்றார்.

"யாரு இந்த டாக்டர்?"

"சும்மா... கதைக்கு."

"தூக்கிடு" என்றார்.

(தூக்கவில்லை. எழுதியது எழுதியபடியே இங்கே விட்டிருக்கிறேன். எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.)

7.

பன்னிரண்டாம் நாள், "போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார். நடிகருக்கு மனைவி முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள். பள்ளியில் கணக்கு டீச்சர். தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடப் போனேன்.

இந்த மகள் பாத்திரம்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. முதல் வரைவில் அவளைக் கதவோரம் சாய்ந்து அழவைத்தேன். இரண்டாம் வரைவில் சுவரில் அப்பாவின் படத்தை வெறிக்கவைத்தேன். உண்மையில் அவள் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவைத் திறந்தாள், மூடினாள். பேசி முடிக்கும் வரை அதையே செய்துகொண்டிருந்தாள். சுவரில் படமே இல்லை, பள்ளி நாட்காட்டிதான் இருந்தது.

இவர் தன் தொழிலைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நீங்கதானா அங்கிள்! எனக்கு ரெண்டு ஜோடிக் கால், ஒரு ஜோடி ஸ்டுடியோவுல இருக்குன்னு அப்பா சொல்லிட்டே இருப்பார்."

இவர் வாயைத் திறந்தார். "அம்மா, நான் ஒரு விஷயம்..."

"இருங்க, நான் முதல்ல சொல்லிடறேன். உங்களைப் பார்த்தா சொல்லணும்னு இருந்தேன். போன வருஷம் அப்பாவுக்கு ஒரு பயம் வந்துச்சு. இடது கால் கனமா இருக்கு, செருப்பு நழுவுதுன்னார். நான்தான் சண்டை போட்டு டாக்டர்கிட்ட நேரம் வாங்கினேன். வியாழக்கிழமை போகணும். புதன்கிழமை ரெண்டு வசனம் திருத்தணும்னு டப்பிங்குக்குக் கூப்பிட்டாங்க. அங்க அந்த நடைக்காட்சியைச் சத்தத்தோட போட்டுக் காட்டியிருக்காங்க."

நான் இவர் கையைப் பிடித்தேன்.

"வீட்டுக்கு வந்ததும் வராததுமா ஒரே சிரிப்பு. 'நான் பார்த்துட்டேன்டி, ஒரு அடி பிசகலை, குதிரை மாதிரி நடக்கறேன், எல்லாம் மனப்பிரமை'ன்னார். டாக்டரைக் கேன்சல் பண்ணுன்னார். நானும் பண்ணிட்டேன்." பேனா மூடியை அழுத்தினாள். "அன்னைக்கு அவர் அவ்வளவு சந்தோஷமா இருந்தார். அதுக்கு நீங்கதான் காரணம். ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்."

பிறகு அவள் எங்களைப் பார்க்காமல், மேலே கிடந்த விடைத்தாளைப் பார்த்துச் சொன்னாள்: "நான் மட்டும் அன்னைக்கு அந்த போனைப் பண்ணாம இருந்திருந்தா. கேன்சல் பண்ணினது நான்தானே."

என் வீட்டுக்காரர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வருகிறோம் என்று எழுந்தார். பேருந்து நிறுத்தம் வரை நான் ஏதேதோ பேசினேன். அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"அந்தப் பொண்ணு எனக்குத் தேங்க்ஸ் சொல்லுச்சு."

8.

இப்போது முடிவு வேண்டும். கைவசம் மூன்று இருக்கின்றன.

முடிவு அ: அவர் அங்கேயே சொல்லிவிடுகிறார். அவள் அழுது, பிறகு "உங்க மேல தப்பில்லை அங்கிள்" என்கிறாள். (எழுதினேன். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் நடக்கவில்லை. நடக்காததை வைத்து நானே அவருக்கு மன்னிப்பு வாங்கிக்கொடுத்தால், அது இன்னொரு டாக்டர்.)

முடிவு ஆ: சொல்லவே இல்லை. அவர் குற்றத்தை அவர் சுமக்கிறார், அவள் குற்றத்தை அவள் சுமக்கிறாள். (பாதி பக்கம் எழுதியதும் கோபம் வந்தது. செய்யாத தப்புக்கு அந்தப் பெண் எதற்கு ஆயுசு முழுக்க அந்த வியாழக்கிழமையைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்? ஆனால் சொல்லிவிட்டால்? அப்பா சந்தோஷமாக இருந்த அந்த ஒரு புதன்கிழமைதான் அவளிடம் மிச்சம் இருக்கிறது. அதையும் பிடுங்கிக்கொள்வதாக ஆகிவிடும்.)

முடிவு இ: *ஒரு நாள் கதவு தட்டப்படுகிறது. திறந்தால்*

(வேண்டாம்.)

அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை அவளுக்குப் போன் செய்தார். இரண்டு முறையும் "சாப்டீங்களாம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நேற்று, நான் எழுதிய வரை எல்லாவற்றையும் வாங்கி ஒரே மூச்சில் படித்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கிழித்துப் போடட்டும் என்றும் நினைத்தேன்.

"இதை அவகிட்ட கொடுக்கலாம்" என்றார்.

"எதை?"

"இதைத்தான். என் வாயில வரமாட்டேங்குது. நீ எழுதினதுல வந்திருக்கு."

"அவ பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுச் சொல்லிட்டா? ஊரே அந்த மனுஷனைத் தலையில வச்சுக் கொண்டாடுது. உங்களை உயிரோட விடுவாங்களா?"

"சொன்னா சொல்லட்டும்."

"டைரக்டர் சொன்னார், நீங்க செஞ்சீங்க. அவரே பார்த்துட்டு அவரே நம்பினார். நீங்க மட்டும் எதுக்குங்க..."

"அதையெல்லாம் அவ பிரிச்சுக்கட்டும்மா. யாருக்கு எவ்வளவுன்னு. இப்போ மொத்தத்தையும் அவளே எடுத்து வச்சிருக்கா. அது தப்பு."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவர் சொல்வது சரி. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவருடைய மனைவியாக, இந்தப் பக்கங்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்று இந்த நிமிடம்கூட வேண்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்தாளராக, ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏற்பாடு இதுதான். இன்று சனிக்கிழமை, அவளுக்குப் பள்ளி விடுமுறை. இவரே கையோடு கொண்டுபோகிறார். அவள் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாராம். அவள் வேண்டாம் என்றால் இது எங்கும் வெளிவராது. வரலாம் என்றால் ஆசிரியருக்குப் போகும். ஆக, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அவள் படித்துவிட்டாள், சம்மதித்துவிட்டாள். அவ்வளவு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அதுகூடத் தெரியாது. சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், சீக்கிரம் முடி என்கிறார்.

அவள் சம்மதித்தாள் என்பதற்கு மன்னித்தாள் என்று அர்த்தமா? என்னிடம் கேட்காதீர்கள். அடுத்த பகுதியை அவளுக்காக விட்டிருக்கிறேன். திட்டலாம், சபிக்கலாம், ஒன்றும் எழுதாமலும் விடலாம். அவள் எழுதுவது எதுவானாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சிட வேண்டும், எழுதாவிட்டால் அந்த இடத்தை நிரப்பக் கூடாது என்று ஆசிரியருக்குக் குறிப்பு வைத்திருக்கிறேன். ஒன்பது என்ற எண்ணை மட்டும் நான் போட்டுவிடுகிறேன்.

9.